புது ஊரில் முதல் ஆறு மாதம்: மன்னார்குடியிலிருந்து கோவைக்கு வந்தவன் சொல்வது

2018 ஜூனில் ஒரு விடியற்காலை, செம்மொழி எக்ஸ்பிரஸ் என்னைக் கோயம்புத்தூர் ஜங்ஷனில் இறக்கிவிட்டது. தோளில் ஒரு பை, அதற்குள் டிப்ளமோ மெக்கானிக்கல் சான்றிதழ், அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதத்தில் மீதி. கணபதிப் பக்கம் ஒரு பம்ப்செட் பட்டறையில் குவாலிட்டி செக்கிங் வேலை, மாதம் 13,500 ரூபாய். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் குளிர்ந்தது. மன்னார்குடியில் ஜூன் மாதம் நடுராத்திரியில்கூட மொட்டைமாடித் தரை சுடும். இங்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று நேராக ஊருக்குள் வந்து விழுகிறது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. போர்வை எடுத்து வரவில்லையே என்பது மட்டும்தான் அப்போது தோன்றியது. கோவையில் நான் வாங்கிய முதல் பொருள் போர்வைதான்.

இப்போது எங்கள் பட்டறைக்கு வருடா வருடம் நாலைந்து புதுப் பையன்கள் வருகிறார்கள். திருவாரூர், புதுக்கோட்டை, தேனி என்று எங்கெங்கிருந்தோ. ஒவ்வொருவரையும் பேக்கரிக்குக் கூட்டிப்போய் ஒரே பாட்டைப் பாடி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த புது ஊர் கோவை ஒன்றுதான், எனவே எல்லாம் கோவைக் கதையாகத்தான் இருக்கும். உங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

வீடு

வந்த வாரமே வீடு பார்க்காதீர்கள். கூட வேலை செய்பவரின் ரூமிலோ மாத வாடகை ஹாஸ்டலிலோ பதினைந்து நாள் ஒட்டிக்கொள்ளுங்கள். நான் வந்த நாலாம் நாளே ஒரு புரோக்கரிடம் மாட்டினேன். "இன்னிக்கே டோக்கன் போடாட்டி வேற ஆளு எடுத்துக்குவாங்க" என்றார். 2,000 ரூபாய் கொடுத்தேன். மறுநாள் வீட்டுக்காரரைப் பார்த்தால், அப்படி ஒரு ஆளையே அவருக்குத் தெரியாது. அந்த மாதம் அந்த 2,000 எனக்கு எவ்வளவு பெரிய தொகை என்பதை ஊரில் இன்றுவரை சொல்லவில்லை. வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்காமல் யாரிடமும் பத்து ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

பதினைந்து நாள் ஏன் என்றால், டு-லெட் போர்டு நடந்து போகிறவன் கண்ணுக்குத்தான் படும். நான் கடைசியில் எடுத்த வீடு அத்திப்பாளையம் பிரிவுக்கு உள்ளே ஒரு லைன் வீடு. ஒரே வாசல், ஆறு குடித்தனம், ஒவ்வொன்றும் ஒரு அறையும் சமையல் மூலையும். வாடகை 3,500, அட்வான்ஸ் 20,000. போர்டு அட்டையில் கரிக்கட்டையால் எழுதி வேப்பமரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வீடு எந்தச் செயலியிலும் வந்திருக்காது.

பார்க்கிற வீட்டை இரண்டு தடவை பாருங்கள். காலை ஏழு மணிக்கு ஒரு தடவை, பாத்ரூம் வரிசை எவ்வளவு நீளம் என்று தெரியும். ராத்திரி ஒன்பதுக்கு ஒரு தடவை, தெருவிளக்கு எரிகிறதா, எந்த வீட்டில் சத்தம் என்று தெரியும்.

பிறகு கேள்விகள். கோவையில் முதல் கேள்வி தண்ணீர்தான். இங்கே வீட்டுக்கு இரண்டு தண்ணீர்: குளிக்க, துவைக்க போர்வெல்லின் உப்புத் தண்ணி, குடிக்க, சமைக்கக் குழாயில் வரும் நல்ல தண்ணி. "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருமுங்க?" என்று கேட்க வேண்டும். "தண்ணி வருமா?" என்று கேட்டால் எல்லா வீட்டுக்காரரும் வரும் என்றுதான் சொல்வார்கள். சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பற்றி ஊரில் எல்லோரும் சொல்லியிருப்பார்கள், உண்மைதான், இனிக்கும். ஆனால் ஊர் முழுக்கச் சிறுவாணி வருவதில்லை. பல பகுதிகளுக்குப் பில்லூர் அணைத் தண்ணீர். எங்கள் லைனுக்கும் அதுதான். அது வருகிற நாளில் காலை ஐந்து மணிக்கே குடங்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கும். நான் வந்த முதல் தண்ணி நாளில் தூங்கிவிட்டேன். ஒரு வாரம் கேன் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அதற்குப் பிறகு பக்கத்து வீட்டு அக்காவிடம், "தண்ணி வந்தா கதவத் தட்டுங்கக்கா" என்று சொல்லிவைத்தேன். அந்த ஊரில் ஒருவரிடம் நான் கேட்ட முதல் உதவி அது. பெரிய உதவியாகக் கேட்டிருந்தால் தயங்கியிருப்பார்கள். கதவைத் தட்டுவதற்கு யார் தயங்கப் போகிறார்கள்?

இரண்டாவது கேள்வி கரண்ட். "ஈபி தனி சர்வீஸா, சப் மீட்டரா?" தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரு விளக்கு, ஒரு ஃபேன், செல்போன் சார்ஜர் என்று வாழ்கிறவன் அதைத் தாண்டுவதே கஷ்டம். தனி சர்வீஸ் இருந்தால் 80 யூனிட்டுக்கு ஒரு காசு கட்ட வேண்டாம். வீட்டுக்காரர் தன் இணைப்பிலிருந்தே கரண்ட் கொடுத்து, குடித்தனத்துக்கு ஒரு சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வாங்கினால், அதே 80 யூனிட்டுக்கு 640 ரூபாய். எனக்கு வாய்த்தது சப் மீட்டர். அதற்காக அந்த வீட்டை விட்டிருக்க மாட்டேன், ஆனால் தெரிந்தே எடுத்திருப்பேன். குடிபோகிற அன்றைக்கே மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். கரண்ட் போனால் 94987 94987 என்ற மின்னகம் எண்ணில் சொல்லலாம். சர்வீஸ் நம்பர் கேட்பார்கள், அதைக் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டிவையுங்கள்.

மூன்றாவது, அட்வான்ஸ். 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், இரண்டு பேரும் வேறு மாதிரி ஒத்துக்கொண்டு எழுதாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதியவும் சொல்கிறது. லைன் வீட்டில் போய் இதைப் பேசினால் உங்களுக்கு வீடு கிடைக்காது, அது வேறு விஷயம். குறைந்தது அட்வான்ஸைப் பேங்க் வழியாக அனுப்புங்கள், அதுவே ரசீது. சுவர், தரை, கழிவறைக் கதவு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வையுங்கள். காலி செய்யும்போது "பெயிண்ட் அடிக்கிற செலவு" என்று எவ்வளவு பிடிப்பீர்கள் என்பதை உள்ளே போகும்போதே பேசுங்கள். வெளியே வரும்போது பேசினால் பணம் அவர் கையில் இருக்கும், சாவியும் அவர் கையில் இருக்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "தம்பிக்கு எந்தூருங்க?" என்பது சாதாரணக் கேள்வி. அதற்கு அடுத்து "நீங்க என்ன ஆளுங்க?" என்று வந்தால், அது எதைக் கேட்கிறது என்று உங்களுக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். மூன்று வீட்டில் என்னைக் கேட்டார்கள். முதல் வீட்டில் பதில் சொன்னேன். இரண்டாவது வீட்டில் மழுப்பினேன். மூன்றாவது வீட்டில், "வாடகை ஒண்ணாம் தேதி வந்துருமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன். அந்தக் கேள்வியோடு ஆரம்பிக்கிற வீட்டில் வாடகை குறைவாக இருந்தாலும் எடுக்காதீர்கள் என்பது என் கருத்து. தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் நீங்கள் உள்ளே போக வேண்டும்.

ஒரே பேக்கரி

எங்கள் ஊரில் டீ குடிக்க டீக்கடைக்குப் போவோம். கோவையில் பேக்கரிக்குப் போகிறார்கள். பெயர்தான் பேக்கரி, வாசலில் பாய்லர், டீ மாஸ்டர், கண்ணாடிப் பெட்டிக்குள் பப்ஸ், தேங்காய் பன், நின்று குடிக்கிற கூட்டம். தெருவுக்கு இரண்டு இருக்கும். நான் முதல் ஒரு மாதம் செய்த தப்பு, நாளுக்கு ஒரு பேக்கரி. எங்கே டீ நன்றாக இருக்கிறது, எங்கே இரண்டு ரூபாய் குறைவு, எங்கே இரவு பத்து வரை திறந்திருக்கிறது என்று ஆராய்ச்சி. மெஸ்ஸும் அப்படித்தான். ஒரு மாதத்தில் கணபதி முழுக்க ருசி தெரிந்துவிட்டது, ஆனால் ஒருவருக்கும் என்னைத் தெரியாது.

நான் சேர்ந்த அதே வாரம் ஒடிசாவிலிருந்து, கஞ்சம் மாவட்டத்துப் பையன் ஒருவன் மோல்டிங் பக்கம் சேர்ந்தான். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அவன் பட்டறைக்கு எதிரே இருந்த பேக்கரிக்குத்தான் காலையும் மாலையும் போவான். டீ அங்கே சுமார். அவன் போய் நின்றால் மாஸ்டர் கேட்காமலே சர்க்கரை தூக்கலாகப் போட ஆரம்பித்தார். இரண்டு மாதத்தில், அந்த மாஸ்டர் சொல்லித்தான் அவனுக்கு ரூம் கிடைத்தது, பழைய சைக்கிள் கிடைத்தது, காய்ச்சல் வந்தபோது எந்த டாக்டரிடம் போவது என்று தெரிந்தது. நான் தமிழ் பேசத் தெரிந்தவன், 2,000 ரூபாயைப் புரோக்கரிடம் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அதைப் பார்த்த பிறகுதான் என் போக்கை மாற்றினேன்.

அதனால் இதுதான் முக்கியமான பாடம், மற்றதெல்லாம் இதற்குப் பக்கவாத்தியம். ஒரு பேக்கரி, ஒரு மெஸ், ஒரு மளிகைக்கடை, ஒரு அயர்ன் வண்டி, ஒரு முடிதிருத்தும் கடை. ஐந்தையும் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் தேர்ந்தெடுங்கள். மூன்று மாதத்துக்கு மாற்றாதீர்கள். முடிந்தவரை ஒரே நேரத்துக்குப் போங்கள். கையிலிருக்கும் போனைச் சட்டைப்பையில் போடுங்கள். நீங்களாகப் பேச்சு வளர்க்க வேண்டியதில்லை. எனக்கும் அது வராது. பதினைந்து நாள் கழித்து அவர்களாகவே, "தம்பிய ரண்டு நாளாக் காணமுங்க?" என்பார்கள். அது வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மளிகைக்கடையில் ஒரு எச்சரிக்கை. பழகியதும் "நோட்டுல எழுதிக்கலாமுங்க" என்பார் அண்ணாச்சி. முதல் ஆறு மாதம் வேண்டாம். எனக்கு ஒரு மாதம் நோட்டில் 1,900 ரூபாய் ஏறிவிட்டது, எதற்கென்று யோசித்தால் முக்கால்வாசி மிக்சரும் கூல்டிரிங்க்ஸும். கடன் இருக்கிற கடைப் பக்கம் கால் போகாது, பிறகு சுற்றுவழியாக வீட்டுக்குப் போக ஆரம்பிப்பீர்கள். சேர்த்த பழக்கமும் போய்விடும்.

மெஸ் மாத டோக்கன் வாங்குமுன் பத்து நாள் கைக்காசு கொடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். டெல்டாக்காரனுக்கு இங்கே ஒரு சின்ன அதிர்ச்சி காத்திருக்கிறது: கொள்ளு. கொள்ளுப் பருப்பு, கொள்ளு ரசம். எங்கள் ஊரில் அது மாட்டுக்கும் குதிரைக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது மழைக்காலத்தில் நானே கேட்டு வாங்கினேன். அரிசியும் பருப்பும் ஒன்றாக வேகவைத்து நெய் ஊற்றிச் சாப்பிடுகிற அரிசிபருப்பு சாதம், தனியாகச் சமைக்கிறவனுக்குக் கடவுள் கொடுத்தது. ஒரே குக்கர், இருபது நிமிடம். பக்கத்து அக்காதான் சொல்லிக்கொடுத்தார்: "ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் தொவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமொளகா, மஞ்சத்தூள். மூணு டம்ளர் தண்ணி. வேற என்ன கண்ணு இருக்குது இதுல?"

சமைக்க ஆரம்பித்தால் ஐந்து கிலோ சிறிய சிலிண்டர் வாங்குங்கள். முகவரிச் சான்று இல்லாமல், ஒரு அடையாள அட்டை இருந்தாலே கேஸ் ஏஜென்சியிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கும். சப் மீட்டர் வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி நான் பட்ட பாடு போதும்.

காய்கறிக்கு ஞாயிற்றுக்கிழமை காலை உழவர் சந்தை. ஆர்.எஸ்.புரத்திலும் சிங்காநல்லூரிலும் இருக்கிறது. விலைப்பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள், எட்டு மணிக்குள் போங்கள். தனி ஆளுக்குக் கால் கிலோ கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள்.

"ங்க"

கோவைத் தமிழ் மரியாதையான தமிழ் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முதலில் அது பயமாக இருந்தது. என்னைவிட இருபது வயது மூத்த லேத் ஆபரேட்டர், "ஏனுங் தம்பி, அந்த கேஜ எடுத்துக் குடுங்" என்றால், கிண்டல் செய்கிறாரோ என்று தோன்றும். நான் "என்னா?" என்று கேட்டால் அவர் முகம் சட்டென்று வாடும். எங்கள் பக்கத்து "என்னா"வில் ஒரு கோபமும் கிடையாது. இவர்கள் காதில் அது கன்னத்தில் அறைந்த மாதிரி விழுகிறது. ஒரு மாதம் கழித்து அவரே சொன்னார்: "உங்கூர்ல அப்பிடித்தான் பேசுவீங்களாட்ட இருக்குதுங். நாங்கூட நம்ம மேல ஏதோ வருத்தமோன்னு நெனச்சனுங்."

உடனே நீங்களும் "ங்" போட்டுப் பேசாதீர்கள். ஒட்டவைத்த மாதிரி இருக்கும், கேலி செய்வதாக நினைப்பார்கள். வேகத்தைக் குறைத்து, எல்லோரையும் "வாங்க, போங்க" என்று பேசினால் போதும், மீதி தானாக ஒட்டிக்கொள்ளும். சில சொற்களை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் கடையில் முழிக்க வேண்டியதில்லை. போசி என்றால் பாத்திரம். சீமாறு என்றால் விளக்குமாறு. ஒட்டுக்கா என்றால் ஒன்றாக, மொத்தமாக. அக்கட்டால என்றால் அந்தப் பக்கம். ஒறம்பரை என்றால் உறவுக்காரர்கள். நோம்பி என்றால் பண்டிகை, விரதம் இருக்க வேண்டாம். பிரிவு என்றால் சாலை பிரிகிற இடம். பஸ்ஸில் கண்டக்டர் "பிரிவு, பிரிவு" என்று கத்தும்போது நம் பிரிவா என்று பார்த்து இறங்கணும். நான் இரண்டு தடவை வேறு பிரிவில் இறங்கி நடந்தேன்.

பஸ்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளியூர் போக எந்த ஸ்டாண்ட் என்று குழம்பாதவன் கோவையில் இல்லை. திருச்சி, தஞ்சாவூர், மதுரை, திருநெல்வேலி போகச் சிங்காநல்லூர். பொள்ளாச்சி, பழநி, பாலக்காடு என்றால் உக்கடம். ஊட்டி, மேட்டுப்பாளையத்துக்கு மேட்டுப்பாளையம் ரோடு ஸ்டாண்ட். ஈரோடு, திருப்பூர், சேலம் போகக் காந்திபுரம். காந்திபுரத்திலேயே டவுன் பஸ்ஸுக்குத் தனி, வெளியூர் பஸ்ஸுக்குத் தனி, அரசு விரைவுப் பஸ்ஸுக்குத் தனி. முதல் மாதம் அரைமணி நேரம் முன்கூட்டியே கிளம்புங்கள்.

டவுன் பஸ்ஸில் பாதி தனியார் வண்டி. பாட்டுச் சத்தத்தில் கண்டக்டர் சொல்வது கேட்காது. பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. தனியார் பஸ்ஸில் அது செல்லாது. என் தங்கை வந்திருந்தபோது எதிலும் காசு வேண்டாம் என்று நினைத்துத் தனியார் பஸ்ஸில் ஏறிவிட்டாள், நல்லவேளை பர்ஸில் பத்து ரூபாய் இருந்தது.

காகிதங்கள்

சம்பளம் 21,000க்குள் என்றால் ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு. இப்போது உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுவார். பெரும்பாலான பையன்கள் பிடிக்கிறார்கள் என்று திட்டுவதோடு சரி, கார்டைக் கண்ணால் பார்த்ததே இல்லை. முதல் மாதச் சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. எண்ணைப் பாருங்கள், வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் டிஸ்பென்சரி உங்கள் பெயருக்குப் போட்டிருக்கிறதா என்று எச்.ஆரில் கேளுங்கள். எனக்கு மன்னார்குடி முகவரியை வைத்து அந்தப் பக்கமே போட்டுவிட்டார்கள். டைபாய்டு வந்து படுத்த வாரம்தான் அது தெரிந்தது. போதிய நாள் சந்தா கட்டியிருந்து, ஈ.எஸ்.ஐ. டாக்டர் சான்றிதழும் கொடுத்தால், நோய் விடுப்புக்கு வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். நான் தனியார் கிளினிக்கில் பார்த்துவிட்டு அந்த ஒன்பது நாள் சம்பளத்தை விட்டேன்.

பி.எஃப். எண்ணில் உங்கள் பெயர் ஆதாரில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா என்று பாருங்கள். இனிஷியல் முன்னா பின்னா என்பதற்காகப் பின்னாளில் நடையாய் நடக்க வேண்டாம். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்ற படிவம் 8. ரேஷன் கார்டில் பெயரை அவசரப்பட்டு நீக்காதீர்கள், ஊரில் அப்பா அம்மாவுக்கு வருகிற அரிசி குறையும். என் சொந்தக் கணக்கில், கல்யாணம் ஆகிறவரை அங்கேயே இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

வாரநாள் தானாக ஓடிவிடும். ஷிப்ட், டீ, தூக்கம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிதான் ஆளைத் தின்னும். துணி துவைத்தாயிற்று, சாப்பிட்டாயிற்று, லைனில் மற்ற வீடுகளில் குழந்தைகள் சத்தம், டிவி சத்தம், யாரோ ஒறம்பரை வந்திருக்கும் சிரிப்புச் சத்தம். நீங்கள் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பீர்கள். முதல் மூன்று மாதம் அந்த நேரத்தில் நான் அம்மாவுக்குப் போன் செய்வேன். அவர் குரலைக் கேட்டதும் இன்னும் மோசமாகும். பிறகு போனைக் காலைக்கு மாற்றிக்கொண்டேன். காலையில் அம்மாவுக்கும் வேலை இருக்கும், எனக்கும் வேலை இருக்கும், நாலு வார்த்தையில் முடியும், இரண்டு பேருக்கும் நல்லது.

மத்தியானத்துக்கு ஒரு போக்கிடம் வைத்துக்கொள்ள வேண்டும், காசு செலவாகாத இடமாக. மாலில் ஏசிக்காகச் சுற்றினேன், திரும்பும்போது ஒவ்வொரு முறையும் 300 ரூபாய் குறைந்தது. பிறகு கிடைத்தது கௌலி பிரவுன் ரோட்டிலிருக்கும் மாவட்ட மைய நூலகம். படிக்கிறவன் என்றில்லை, ஃபேனுக்குக் கீழே நாற்பது பேர் பேசாமல் உட்கார்ந்திருக்கும்போது தனியாக இருப்பது தெரியாது. சாயங்காலம் வாலாங்குளம் கரை, இல்லாவிட்டால் ரேஸ்கோர்ஸ் நடைபாதை. மாதம் ஒரு தடவை காந்திபுரத்தில் 70ஆம் நம்பர் பஸ் பிடித்து மருதமலை, படியேறிப் போய் மேலிருந்து ஊரைப் பார்ப்பேன். ஊர் முழுவதையும் ஒரே பார்வையில் பார்த்தால் அது சின்னதாகத் தெரிகிறது, அது எனக்குப் பிடித்திருந்தது.

ஆடிப்பெருக்குதான் என்னை உடைத்தது. எங்கள் பக்கம் ஆடி பதினெட்டு என்றால் ஆறு, வாய்க்கால், குளம் என்று தண்ணீர் இருக்கிற இடமெல்லாம் திருவிழா. காதோலை கருகமணி, சித்ரான்னம், சின்னப்பிள்ளைகள் இழுக்கிற சப்பரம். 2018 ஆடியில் மேட்டூர் நிரம்பிக் காவிரியில் தண்ணீர் வந்த வருடம். ஊரில் எல்லோரும் போட்டோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் ஷிப்டில் பம்புக்குள் சுழலும் இம்பெல்லரை அளந்துகொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த லேத் ஆபரேட்டர் என்ன நினைத்தாரோ, "சாயங்காலம் பேரூரு போலாமுங்களா?" என்றார். பட்டீசுவரர் கோயிலுக்குப் பக்கத்தில் நொய்யல் படித்துறை. இருட்டுகிற நேரம். அங்கேயும் பெண்கள் வாழையிலையில் பூவும் பழமும் வைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் நம்ம காவிரி மாதிரி இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கால் நனைத்தேன்.

யாராவது கூப்பிட்டால் போங்கள். காது குத்து, வளைகாப்பு, கோயில் நோம்பி, எதுவானாலும். "நமக்கு யாரையும் தெரியாதே" என்று மறுத்துவிட்டால் இரண்டாவது தடவை கூப்பிட மாட்டார்கள். மொய் எவ்வளவு என்று கூட வேலை செய்பவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், அவர் வைக்கிற அளவே வையுங்கள்.

ஊருக்குப் போவது

முதல் மூன்று மாதம் மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் போகாதீர்கள். நான் முதல் ஆறு வாரத்தில் நாலு தடவை போனேன். சனிக்கிழமை ராத்திரி கிளம்பி, திங்கள் விடிகாலை வந்து, தூக்கக்கலக்கத்தோடு ஷிப்டுக்கு நின்று, இரண்டு ஊரிலும் இல்லாத மாதிரி இருந்தேன். பண்டிகை டிக்கெட்டை முன்பதிவு திறக்கிற நாளிலேயே போடுங்கள். இப்போது பயணத் தேதிக்கு 60 நாள் முன்பு திறக்கிறது, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் திறந்த சில நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

ராத்திரி வண்டிக்குத் தேதியைக் கவனியுங்கள். செம்மொழி எக்ஸ்பிரஸ் கோவையில் நள்ளிரவு தாண்டித்தான் கிளம்பும். திங்கள் ராத்திரி பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவதென்றால் டிக்கெட்டில் செவ்வாய்க்கிழமைத் தேதி இருக்க வேண்டும்.

2019 பொங்கல் ஜனவரி 15, செவ்வாய். போகி அன்று ஷிப்ட் முடித்து, ராத்திரி வண்டியில் ஏறினால் பொங்கல் அன்று காலை வீட்டில். எத்தனையோ நாள் முன்பே 14ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டு வைத்திருந்தேன். ராத்திரி பதினொன்றரைக்குப் பிளாட்பாரத்தில் நின்று டிக்கெட்டை எடுத்துப் பார்க்கும்போதுதான் உறைத்தது, என் வண்டி முந்தின ராத்திரியே போய்விட்டது. அன்றைய வண்டியின் பொதுப்பெட்டியில் வாசற்படியில்கூடக் கால் வைக்க முடியவில்லை. சிங்காநல்லூருக்கு ஆட்டோ பிடித்தேன். தஞ்சாவூர் போகிற பஸ் எல்லாம் பிதுங்கிக்கொண்டு போனது. அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "சரி விடுப்பா, சாப்பிட்டுப் படு" என்றார், குரல் சரியில்லை.

லைனுக்குத் திரும்பியபோது மணி இரண்டு. எல்லா வீடும் இருட்டு. கோவைப் பக்கம் போகி அன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வீட்டு நிலைக்கு மேலே செருகுவார்கள், காப்புக் கட்டுவது என்று பெயர். ஒவ்வொரு கதவுக்கு மேலேயும் கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. செல்போன் வெளிச்சத்தில் பூட்டைத் தேடினேன். என் கதவுக்கு மேலேயும் ஒரு கொத்து இருந்தது.

பூட்டுத் திறந்த சத்தத்தில் பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. "ஏனுங் தம்பி, ஊருக்குப் போகலீங்களா?" என்றார் அக்கா.

"வண்டிய விட்டுட்டேனுங்க."

"செரி, படுங்க. காத்தால ஆறு மணிக்குப் பொங்க வெக்கறோம், வந்துருங்க. நல்ல தண்ணியும் நாளைக்குத்தான் வருது, கதவத் தட்டறேன்."